ஐந்து நிமிடம் முன்னதாக

கொங்கோ என்ற கப்பலின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதலில் எதிர்ப்படுவது வெறுமைதான். ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையில் 1993 மார்ச் 25 அன்று சேர்ந்த ஏவுகணை நாசகாரி அது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. போர் எதையும் பார்த்ததில்லை. அதன் வாழ்வில் ஆகப் பெரிய நிகழ்ச்சி எது என்று கேட்டால், 2007இல் ஹவாய்க்கு அருகே ஒரு பயிற்சி இலக்கைச் சுட்டு வீழ்த்தியதைத்தான் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து ஏவுகணை கிளம்பி இலக்கில் மோத ஏறத்தாழ மூன்று நிமிடம்.

மற்றதெல்லாம் சசெபோ துறைமுகத்தை விட்டுப் போவதும் திரும்பி வருவதும், துருவைச் சுரண்டிச் சாயம் பூசுவதும், காத்திருப்பதும்.

போர்க்கப்பல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் காத்திருப்பை ஒரு பத்தியில் கடந்துவிடுவார்கள். பீரங்கி வெடித்த நாளுக்கு நூறு பக்கம் ஒதுக்குவார்கள். இந்தக் குறிப்புகளில் அதைத் தலைகீழாகச் செய்து பார்க்க ஆசை. ஒன்றும் நடக்காத நாட்களில் கப்பலில் இருந்த முந்நூறு பேர் என்ன செய்தார்கள், அந்த நாட்களின் விலை என்ன என்பதுதான் என் கேள்வி.

*

நாகசாகியில் உள்ள மிட்சுபிஷி தளத்தில் 1990 மே மாதம் ஏரா வைத்தார்கள். 1991 செப்டம்பர் 26 அன்று நீரில் இறக்கினார்கள். 161 மீட்டர் நீளம், 21 மீட்டர் அகலம், 7,250 டன் எடை. எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிவிட்டால் 9,400 டன்னுக்கு மேல். நான்கு வாயுச் சுழலிகள் சேர்ந்து ஒரு லட்சம் குதிரைத்திறன் தரும். வேகம் 30 நாட்.

அந்தத் தளத்துக்குப் பழைய கதைகள் உண்டு. முசாஷி என்ற மாபெரும் போர்க்கப்பலை அங்கேதான் கட்டினார்கள். ஊரார் கண்ணில் படக்கூடாது என்று கயிற்றால் பின்னிய பெரும் திரைகளைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். விரிகுடாவைச் சுற்றிலும் மலைச்சரிவில் வீடுகள் இருக்கும் ஊரில், எல்லோரும் மேலிருந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளை ஆண்டுக்கணக்கில் பார்க்காதது போல வாழச் சொன்னார்கள். முசாஷி 1944இல் மூழ்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று அந்த ஊர்மீது அணுகுண்டு விழுந்தது. 46 ஆண்டுகள் கழித்து அதே விரிகுடாவில் கொங்கோ இறங்கியபோது மறைக்கத் திரை எதுவும் இல்லை. ஆனால் அதன் வயிற்றில் இருந்த மிக முக்கியமான பொருள் ஜப்பானில் செய்யப்பட்டதல்ல.

ஒசாகாவுக்கும் நாராவுக்கும் எல்லையில் நிற்கும் மலையின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்தார்கள். அதே பெயரில் முன்பு ஒரு போர்க்கப்பல் இருந்தது. அதை இங்கிலாந்தில், பாரோ நகரத்து விக்கர்ஸ் தளத்தில் கட்டி 1913இல் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார்கள். 1944 நவம்பர் 21 அன்று தைவான் நீரிணையில் சீலயன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தப் பழைய கொங்கோவின் உடல் அந்நியம். புதியதன் உடல் சொந்தம், கண் மட்டும் அந்நியம். பழையதை மூழ்கடித்த நாட்டிடமிருந்தே புதியதற்குக் கண் வாங்கினார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டியதும் இல்லையோ என்னவோ. நாடுகளுக்கு இடையில் நினைவு வேலை செய்யும் விதம் மனிதர்களுக்குள் இருப்பதைப் போன்றதல்ல.

*

அந்தக் கண்ணின் பெயர் ஏஜிஸ். மேற்கட்டுமானத்தின் நான்கு முகங்களிலும் ஒவ்வொன்றாக எண்கோணத் தகடுகள் பதிந்திருக்கும். பழைய ரேடார்கள் சுழலும். சுழலும்போது ஒரு திசையைப் பார்க்கையில் மற்றத் திசைகள் காத்திருக்கும். இந்தத் தகடுகள் அசைவதே இல்லை. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சிறு அலைபரப்பிகள் இருக்கின்றன. அலைகளை எந்தத் திசையில் அனுப்புவது என்பதைக் கணினி நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருக்கும். நான்கு திசையும் எப்போதும் திறந்திருக்கும்.

அமெரிக்கக் கடற்படைக்கு வெளியே ஏஜிஸ் தாங்கிய முதல் கப்பல் கொங்கோ. அந்த விற்பனை எளிதாக நடந்துவிடவில்லை. தோஷிபாவின் கிளை நிறுவனம் ஒன்று, நீர்மூழ்கிகளின் உந்தி இறக்கைகளைச் சத்தமில்லாமல் சுழலும்படி செதுக்கும் இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்ற விவகாரம் 1987இல் வெடித்திருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் தோஷிபா ரேடியோ ஒன்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிய படம் உலகம் முழுவதும் வந்தது. அந்தக் கோபம் ஆறாத நேரத்தில்தான் ஜப்பானுக்கு ஏஜிஸ் கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்தது. முடிவில் கொடுத்தார்கள். கப்பலின் விலை சுமார் 12,000 கோடி யென் ஆனது.

அதன் பிறகு மூன்று தங்கைகள்: கிரிஷிமா 1995, மியோகோ 1996, சோகாய் 1998. எல்லாம் மலைப் பெயர்கள்.

*

இவற்றுக்கெல்லாம் மூத்தது ஒன்று உண்டு. அமத்சுகாசே. ஜப்பானின் முதல் ஏவுகணை நாசகாரி. இதுவும் நாகசாகியில் பிறந்ததுதான். 1965 பிப்ரவரியில் படையில் சேர்ந்தது. மூவாயிரம் டன் சொச்சம், நீராவிச் சுழலி, பின்தளத்தில் டார்டார் ஏவுகணைக்கு ஒற்றைக்கை ஏவுமேடை. அந்த வகையில் ஒரே ஒரு கப்பலைத்தான் கட்டினார்கள். அடுத்த ஏவுகணை நாசகாரி தச்சிகாசே வருவதற்கு 1976 ஆகிவிட்டது. பதினோரு ஆண்டு நாட்டில் அந்த வேலைக்கு அது ஒன்றே. கூட வேலை தெரிந்தவர் இல்லாத அலுவலகத்தில் விடுப்பு எடுக்க முடியாத ஊழியரைப் போல அது ஓடியிருக்க வேண்டும். 1995 நவம்பரில் ஓய்வு கொடுத்தார்கள். முப்பது ஆண்டு. சண்டை எதுவும் இல்லை.

*

1998 ஆகஸ்ட் 31. வடகொரியா ஏவிய தேபோதோங் ஏவுகணை ஜப்பானின் தலைக்கு மேலே பறந்து பசிபிக்கில் விழுந்தது. அன்று கடலில் இருந்த மியோகோ அதன் பாதையை ரேடாரில் பின்தொடர்ந்தது. பார்க்க முடிந்தது, தடுக்க எதுவும் கையில் இல்லை. விமானங்களையும் கப்பலை நோக்கி வரும் ஏவுகணைகளையும் வீழ்த்தத்தான் இந்தக் கப்பல்கள் கட்டப்பட்டவை. விண்வெளியின் விளிம்பில் போவதை அவற்றால் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

கண் மட்டும் இருந்து கை இல்லாத நிலை எவ்வளவு தாங்க முடியாதது என்பது அடுத்து நடந்ததில் தெரிகிறது. 1999இல் அமெரிக்காவுடன் கூட்டு ஆராய்ச்சி. 2003 டிசம்பரில் ஏவுகணைத் தடுப்பு அமைப்பைக் கொண்டுவர அமைச்சரவை முடிவு. ஜப்பானிய அரசின் நடைக்கு இது மிகையான வேகம்.

2007 டிசம்பர் 17 நண்பகல், ஹவாயின் காவாய் தீவிலுள்ள சோதனைத் தளத்திலிருந்து இலக்கு ஒன்று கிளம்பியது. கடலில் காத்திருந்த கொங்கோ அதைக் கண்டுபிடித்து, கணித்து, எஸ்எம்-3 என்ற ஏவுகணையை விட்டது. சுமார் 160 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டும் மோதின. எஸ்எம்-3இன் முனையில் வெடிமருந்து கிடையாது. மோதும் வேகமே அழிவு. இலக்கின் வெப்பத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே போய் முட்டும். அமெரிக்காவுக்கு வெளியே ஒரு நாட்டின் கப்பல் இதைச் செய்தது அதுவே முதல் முறை.

மறு ஆண்டு சோகாய் இதே சோதனையைச் செய்தபோது கடைசி நொடிகளில் ஏவுகணை இலக்கைத் தவறவிட்டது. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கொங்கோவின் வெற்றிதான் சுவரொட்டிகளில் இருக்கும். மாலுமிகளின் மனத்தில் சோகாயின் தோல்விதான் தங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

*

கொங்கோவின் சோதனைக்கு இரண்டு மாதம் கழித்து நடந்ததை எழுதாமல் போக முடியாது, அது வேறொரு கப்பலின் கதை என்றாலும்.

அதாகோ, கொங்கோ வகுப்பின் வாரிசு. 2007 மார்ச்சில் படையில் சேர்ந்தது. 165 மீட்டர் நீளம். ஹவாய் கடலில் தன் கருவிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டு யொகொசுகாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரி 19, விடியற்காலை நான்கு மணி தாண்டிச் சில நிமிடம். சிபா மாநிலத்தின் நோஜிமா முனைக்குத் தெற்கே, மீன்பிடிப் படகுகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த நீர்ப்பரப்பு. சேய்தொக்கு மாரு என்ற தூண்டில்கயிற்றுப் படகின்மேல் அதாகோ மோதியது. 7 டன் சொச்சம் எடையுள்ள படகு. இரண்டாகப் பிளந்தது. அதில் தந்தையும் மகனும் இருந்தார்கள். பல நாட்கள் தேடியும் இருவரும் கிடைக்கவில்லை.

வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பார்க்கும் கப்பலுக்குக் காலடியில் இருந்த படகு தெரியவில்லையே என்று அன்று ஜப்பான் முழுவதும் கேட்டார்கள். சரியான கேள்விதான். ஆனால் கொஞ்சம் தவறான இடத்தில் அடிக்கும் கேள்வி. ஏஜிஸ் ரேடாருக்கும் அந்தப் படகுக்கும் சம்பந்தமே இல்லை. படகைப் பார்க்க வேண்டியவை சாதாரணக் கடற்போக்கு ரேடாரும், மேல்தளத்தில் நின்ற மனிதர்களின் கண்களும். விளக்குகள் சிலர் கண்ணில் பட்டிருந்தன. அவை எந்தப் பக்கம் நகர்கின்றன, எவ்வளவு நெருங்கிவிட்டன என்பதில்தான் தவறு. அதிகாலையில் காவல் முறை மாறியது. ஒரு குழு போய் இன்னொரு குழு வந்தது. போகிறவர் வருகிறவரிடம் சொல்லிக்கொடுத்ததில் அந்தப் படகுகள் பற்றிய கணிப்பு சரியாக இல்லை என்று பின்னர் விசாரணையில் பேசப்பட்டது. தானியங்கிச் சுக்கான் மோதலுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்புவரை இயங்கிக்கொண்டிருந்தது.

அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் இஷிபா ஷிகெரு அந்த மீனவர்களின் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். கடல் விபத்துத் தீர்ப்பாயம் 2009இல் அதாகோவின் கண்காணிப்புக் குறைவே முதன்மைக் காரணம் என்றது. குற்றவியல் வழக்கில் இரு அதிகாரிகளை யொகொஹாமா நீதிமன்றம் 2011இல் விடுவித்தது. 2013இல் டோக்கியோ உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. படகு எந்தப் பாதையில் வந்தது என்பதை, உடன் வந்த மீனவர்களின் சாட்சியத்திலிருந்து வரைய வேண்டியிருந்தது. ஒரு வரைபடத்துக்கும் இன்னொரு வரைபடத்துக்கும் இடையில் விலகிப்போனது நீதி. ஒரு தீர்ப்பை ஏற்றால் மற்றது உறுத்தும். நான் தீர்ப்பாயத்தின் பக்கம்தான் சாய்கிறேன். மீனவர் கூட்டம் நிறைந்த கடலில் அவ்வளவு பெரிய கப்பல் தானியங்கிச் சுக்கானில் வந்ததற்கு, படகு எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், பதில் சொல்லியாக வேண்டும்.

காத்திருப்பவர்களின் கவனம் எந்தத் தூரத்துக்குப் பழகியிருக்கிறது என்பது இங்கே முக்கியமாகிறது. ஹவாயில் பல வாரங்கள் வானத்தைப் பார்த்துவிட்டு, வீடு நெருங்கும் கடைசி இரவில், கடல்மட்டத்தில் மினுங்கும் ஒரு சிறு விளக்குக்குக் கண்ணைத் திருப்ப வேண்டியிருந்தது.

*

மியோகோவுக்கும் ஒரு இரவு உண்டு. 1999 மார்ச், நோத்தோ தீபகற்பத்துக்கு அப்பால். மீன்பிடிப் படகு போல வேடமிட்ட இரண்டு வடகொரிய உளவுப் படகுகள். கடல்சார் தற்காப்புப் படையின் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடற்காவல் நடவடிக்கைக்கு ஆணை வந்தது. மியோகோ அவற்றில் ஒன்றைத் துரத்திக்கொண்டு போய்ப் பெரிய பீரங்கியால் எச்சரிக்கைக் குண்டுகளை வீசியது. படகு ஒருமுறை நின்றது. ஏறிச் சோதனையிட வேண்டும் என்றால் யார் ஏறுவது? அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் கப்பலில் இல்லை. குண்டு துளைக்காத அங்கி இல்லை. வேறு வேலைகள் பார்த்தவர்களிலிருந்து ஆள் சேர்த்தார்கள். மாலுமிகள் தடித்த காமிக்ஸ் வார இதழ்களை உடம்பில் வைத்து ஒட்டுநாடாவால் சுற்றிக்கொண்டார்கள். அன்று அந்தக் கப்பலில் வழிசெலுத்தும் அதிகாரியாக இருந்த இத்தோ சுகெயாசு பின்னாளில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்.

படகு மறுபடி கிளம்பித் தப்பிப்போனது. யாரும் ஏறவில்லை. யாரும் சாகவில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் 'தப்பிவிட்டன' என்ற ஒற்றைச் சொல்லோடு இந்தச் சம்பவம் முடிந்துவிடும்.

ஆயிரக்கணக்கான கோடி யென் செலவில் கட்டிய கப்பலில், நெஞ்சில் சிறுவர் சித்திரக்கதையைக் கட்டிக்கொண்டு ஏணி அருகே நின்ற இருபது வயதுப் பையன்கள். அந்த இரவுக்குப் பிறகுதான் தனியாக ஒரு சிறப்புப் படைப்பிரிவை உருவாக்கினார்கள்.

*

ஜப்பானியக் கடற்படைக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய ஏகாதிபத்தியக் கடற்படையிலிருந்து வந்தது. எந்த வேலையானாலும் ஐந்து நிமிடம் முன்னதாகத் தயாராக நிற்க வேண்டும். எழுவதற்கு ஐந்து நிமிடம் முன் அறிவிப்பு வரும். கொடி ஏற்ற ஐந்து நிமிடம் முன் அறிவிப்பு வரும். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் செய்வதில்லை; செய்யத் தயாராக நிற்பார்கள். கொங்கோவின் முப்பது ஆண்டுகளையும் இப்படியொரு அறிவிப்புக்குப் பிந்தைய நேரமாகவே எண்ணத் தோன்றுகிறது. அறிவிப்பு வந்துவிட்டது. வேலை இன்னும் தொடங்கவில்லை.

2009 வசந்தம். செயற்கைக்கோள் ஏவப்போகிறோம் என்று வடகொரியா முன்கூட்டியே சொல்லிவிட்டது. மார்ச் 27 அன்று, நாட்டின்மேல் விழுந்தால் அழித்துவிடும்படி பாதுகாப்பு அமைச்சர் ஆணையிட்டார். மறுநாள் கொங்கோவும் சோகாயும் சசெபோவிலிருந்து கிளம்பி ஜப்பான் கடலுக்குள் போய் நின்றன. கிரிஷிமா பசிபிக் பக்கம்.

ஏப்ரல் 4 நண்பகல் தாண்டிய சிறிது நேரத்தில் 'ஏவப்பட்டதாகத் தெரிகிறது' என்று அரசே அறிவித்தது. சில நிமிடங்களில் திரும்பப் பெற்றது. கரையில் இருந்த ஒரு ரேடார் எதையோ பிடித்தது. அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி ஏவுகணையாகிவிட்டது. மறுநாள் நிஜமாகவே ஏவினார்கள். வடகிழக்கு ஜப்பானுக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது. நாட்டின்மேல் எதுவும் விழவில்லை. எனவே சுடவில்லை. கப்பல்கள் திரும்பின.

தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவணோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றி நம் பழைய பாடல்களில் நிறைய வரும். கதிர் முற்றி அறுவடையாகும் வரை கிளி வராத நாளுக்கும் கிளி வந்த நாளுக்கும் அவர்களுடைய வேலையில் வேறுபாடில்லை. ஆனால் அந்தப் பரணுக்கு ஒரு பருவம் உண்டு. அறுத்த பிறகு இறங்கிவிடலாம். 2016 ஆகஸ்ட் முதல் இந்த அழிப்பாணை நிலையான ஆணையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பிறப்பித்து விலக்கிக்கொள்ளும் முறை போயிற்று. வடகொரியா இப்போது நடமாடும் வண்டிகளிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் ஏவுகிறது. ஆகவே ஏதாவது ஒரு ஏஜிஸ் கப்பல் எப்போதும் கடலில் இருந்தாக வேண்டும். 2017இல் இரண்டு ஏவுகணைகள் ஹொக்கைதோவுக்கு மேலே பறந்தன. அப்போதும் சுடவில்லை.

*

கப்பலுக்குள் வெள்ளிக்கிழமை கறிச்சோறு. ஜன்னல் இல்லாத அறைகளில், முறை மாறி முறை மாறி வேலை பார்ப்பவர்களுக்குக் கிழமை மறந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு என்பார்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ்காரர் கொண்டுபோன குழம்பு, அவர்களுடைய கடற்படை வழியாக ஜப்பானியக் கடற்படைக்குப் போய்ச் சேர்ந்து, இன்று நாள்காட்டியாக வேலை பார்க்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் தனிப் பக்குவம் உண்டு. அந்த வாசனை வந்தால் ஒரு வாரம் கழிந்தது.

போர்த் தகவல் மையம் என்பது கப்பலின் உள்ளே இருக்கும் இருட்டறை. திரைகளின் வெளிச்சம் மட்டும். கடல் அங்கே தெரியாது. அலையை உடம்பால் உணரலாம்; கண்ணால் பார்க்க முடியாது. கடலுக்கு வேலைக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் வாரங்களைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் அமைதியான பொறுமையாக இருந்ததில்லை. மூடிய இடத்தில் நீண்ட காலம் அடைபட்டிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்வார்கள் என்பதற்குத் தச்சிகாசேயின் வழக்கு சாட்சி. மேலாளின் கொடுமையால் 2004இல் ஓர் இளம் மாலுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கப்பலில் நடத்திய விசாரணைப் படிவங்களைக் கடற்படை மறைத்தது என்று 2014இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் சொன்னது. மறைக்கிறார்கள் என்று வெளியே சொன்னவர் அந்தப் படையின் அதிகாரி ஒருவரே. ஒரு கப்பலின் பணிக்கால வரலாற்றில் இதையும் எழுத வேண்டும். வெளியிலிருந்து எந்த எதிரியும் வராத முப்பது ஆண்டில் கப்பலுக்குள் ஒருவருக்கு எதிரி இருந்திருக்கிறார்.

2023 நிதியாண்டில் தற்காப்புப் படைகள் சேர்க்க நினைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் கிடைத்தார்கள். கைபேசி எட்டாத கடலில் பல வாரம் இருக்க இன்றைய இளைஞர்களுக்கு மனமில்லை என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்த இளைஞர்கள்மேல் குறையில்லை.

*

இந்தச் சோர்வைக் குறைக்கத்தான் ஏஜிஸைத் தரையில் வைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். அகிதாவில் ஒன்று, யமகுச்சியில் ஒன்று. கப்பல்கள் கரைக்கு வந்து இளைப்பாறலாம். ஆனால் இடைமறிக்கும் ஏவுகணை மேலே போகும்போது கழன்று விழும் உந்துகுழாய் வீடுகள்மேல் விழாது என்று உறுதி தர முடியவில்லை. 2020 ஜூனில் பாதுகாப்பு அமைச்சர் கோனோ தாரோ திட்டத்தை நிறுத்தினார். நாட்டைக் காக்கும் பொருளின் வெற்றுக்குழாய் நாட்டின்மேல் விழக்கூடாது, நியாயம். கடலில் விழுந்தால் பரவாயில்லை. எனவே சுமை மறுபடி கடலுக்கே போயிற்று. தரைக்காக வாங்கிய கருவிகளைச் சுமக்க இப்போது இரண்டு பெரிய கப்பல்கள் கட்டப்படுகின்றன. கொங்கோவைவிட மிகப் பெரியவை, ஆனால் மாலுமிகள் சுமார் 240 பேர் போதுமாம். கொங்கோவில் 300.

*

மேல்தளத்தில் முன்பக்கம் 29, பின்பக்கம் 61 சதுர மூடிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு செங்குத்துக் குழி. விமானத்தை வீழ்த்துவது, நீர்மூழ்கியைத் தாக்குவது, ஏவுகணையைத் தடுப்பது என்று குழிக்குள் இருப்பது எதுவானாலும் மேலே மூடி ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2022 டிசம்பரில் ஜப்பான் தன் பாதுகாப்புக் கொள்கையை மாற்றியது. எதிரியின் ஏவுதளத்தையே திருப்பித் தாக்கும் திறன் வேண்டும் என்று எழுதிக்கொண்டது. 2024 ஜனவரியில் 400 டோமஹாக் ஏவுகணைகளுக்கு அமெரிக்காவுடன் ஒப்பந்தம். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் போகக்கூடியவை. அவற்றை ஏவும் வசதியைப் பெற சோகாய் 2025இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. மற்ற ஏஜிஸ் கப்பல்களுக்கும் இந்தத் திறனைத் தருவதுதான் திட்டம்.

அவர்களுடைய காரணங்களை நான் அற்பமாக நினைக்கவில்லை. வீட்டின்மேல் ஏவுகணை பறந்த மக்களிடம் தூரத்திலிருந்து அறிவுரை சொல்வது சுலபம். தவிரவும், தடுக்கும் ஏவுகணைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; ஏவுகிறவர் ஒரே நேரத்தில் பல விட்டால் கணக்கு சரிவராது. ஆனாலும் இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியபோது நான் மனத்தில் வைத்திருந்தது வருவதை நிறுத்தக் காத்திருக்கும் கப்பல். சுடாமல் திரும்பிய ஒவ்வொரு பயணமும் அதற்கு முழுமையான பயணம். திருப்பித் தாக்கக் காத்திருக்கும் கப்பலுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று தெரியவில்லை. இரண்டிலும் அதே முந்நூறு பேர், அதே இருட்டறை, அதே வெள்ளிக்கிழமைக் குழம்பு.

அக்கரையில் இருப்பவர் செயற்கைக்கோள் படத்தில் அந்த மூடிகளைப் பார்ப்பார். எதன் கீழ் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தன் நிலத்தை எட்டும் ஒன்று அவற்றின் கீழே இருக்கக்கூடும் என்று இனி அவர் கணக்கு வைத்தாக வேண்டும். கொங்கோவின் முதல் முப்பது ஆண்டுகளில் அப்படிக் கணக்கு வைக்கும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை.